ஒரு பக்கத்துக்கு இருபது

கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் கால். பாதம் வெளியே திரும்பியிருக்கிறதா, செருப்பின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பாள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள் பெடலக்கா. சொந்தப் பெயர் பில் புத்தகத்தில் கூட இல்லை.

"அக்கா, காலைப் பூட்டிக்கிற பெடல் வேணும்," என்பான் புதிதாக வந்தவன்.

"எதுக்கு?"

"எல்லாரும் அதான் போடுறாங்க."

"கீழ விழும்போதும் எல்லாரும் கூடவே வருவாங்களா?"

அவன் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். தட்டையான பெடல் ஒன்றை எடுத்து அவன் கையில் வைப்பாள். அதன் மேல் சின்னச் சின்ன முள் திருகுகள் இருக்கும். "முதல்ல இதுல ஆறு மாசம் ஓட்டுங்க. அடி தட்டையா, ரப்பர் ஒட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கிற ஷூ போடுங்க. ஓடுறதுக்குப் போடுற ஷூ வேணாம். அது மெத்தை மாதிரி அமுங்கும், கால் நிக்காது. நின்னுச்சுன்னு நீங்க நினைக்கிற நேரத்துல இந்த முள்ளு முன்னங்காலைச் சல்லடையாக்கிடும்."

பூட்டுகிற பெடல்தான் வேண்டும் என்று பழகியவர்கள் கேட்டால் மேஜை விளிம்பில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்வாள். தானாகத் தொங்கும் கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தச் சாய்வில்தான், பெடலில் போய்ப் பூட்டிக்கொள்கிற இரும்புக் கட்டையை ஷூவுக்கு அடியில் திருகுவாள். நேராக வைத்தால் அழகாக இருக்கும், மூன்றே மாதத்தில் முழங்கால் போய்விடும். பூட்டின் விறைப்பையும் முதலில் தளர்த்தியே கொடுப்பாள். "அவசரத்துக்குக் கால் வெளிய வரணும். வரலைன்னா பாட்டுப் பாடிக்கிட்டே சாய வேண்டியதுதான்."

இதெல்லாம் அவள் எங்கும் போய்ப் படித்ததில்லை. அண்ணன் இந்தக் கடையைத் திறந்தபோது, "ரெண்டு மாசம் கூட இரு பாப்பா, ஆள் கிடைக்கிற வரைக்கும்," என்றார். அப்போது அவளுக்கு இருபத்திமூன்று. இப்போது நாற்பத்திநான்கு. ஆள் இன்னும் கிடைக்கவில்லை, அவளும் பாப்பாதான். வேலை மேஜை அண்ணனின் உயரத்துக்குச் செய்தது. அவர் ஆறடி. அவளுக்கு அது மார்புக்கு வரும். அதனால் கீழே ஒரு பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் இருபத்தியொரு வருஷமும் வேலை பார்த்தாள். பலகையில் அவளுடைய இரண்டு பாதமும் பள்ளமாக விழுந்திருந்தன. ஐந்தாறு வருஷத்தில் அண்ணன் முன்பக்கக் கல்லாவுக்குப் போய்விட்டார். ஸ்பேனர் பிடிப்பதை விட்டுவிட்டார். மேஜை மட்டும் அவர் உயரத்திலேயே நின்றது.

மலையடிவாரத்தில், பாதை தொடங்குகிற இடத்தில் இரண்டாவது கடை திறப்பதாகப் பேச்சு வந்தபோது அண்ணன் சொன்னார்: "அது உன் கடை பாப்பா. நான் அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன். நீயே நடத்து."

அவள் அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டாள். நேராக நின்று, முழங்கையை மடக்கி, "இந்த உயரம்," என்றாள். தச்சர் தரையிலிருந்து அவள் முழங்கை வரை டேப் பிடித்து அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பள்ளிக்கூட மேஜை மாதிரி இருக்குமே," என்றார்.

"இருக்கட்டும். நான் படிக்காத படிப்பா?"

வீட்டில் இதைச் சொன்னபோது பஸ் ஓட்டுகிற அவள் கணவர் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டே, "எழுதி வாங்கினியா?" என்றார்.

"அண்ணன்கிட்டயா?"

"சரி, விடு. எனக்கென்ன தெரியும். நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன்."

அதற்கிடையில் பழைய கடையில் ஒரு தப்பு நடந்தது. சின்னத் தப்புதான். வாடிக்கையாக வருகிற பல் டாக்டர் ஒருவர், ஊர் சைக்கிள் குழுவுக்குத் தலைவர் மாதிரி. நாற்பது பேர் அவர் சொன்ன இடத்தில்தான் டயர் வாங்குவார்கள். புதுக் கடையும் அவர்களை நம்பித்தான். அவர் கார்பன் ஹேண்டில்பார் ஒன்று வாங்கியிருந்தார். எண்ணூறு மில்லிமீட்டர் அகலம். ஒரு மாதம் ஓட்டிவிட்டுத் தோள் வலிக்கிறது என்று வந்தார்.

அவள் அவரைக் கடைத் தரையில் தண்டால் எடுக்கச் சொன்னாள்.

"இங்கயா? பேஷன்ட் யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பல்லு பிடுங்கத் தெம்பு ஏத்துறாருன்னு நினைப்பாங்க. எடுங்க."

கை தானாக எங்கே ஊன்றுகிறது என்று சாக்பீஸால் குறித்து, அளந்து, எழுநூற்று அறுபது போதும் என்றாள். வேலைச் சீட்டில் "40 குறைக்க" என்று எழுதி ஹேண்டில்பாரில் கட்டினாள். கடை வழக்கப்படி சீட்டில் எழுதுவது மொத்தக் கணக்கு. வெட்டுகிறவர் அதைப் பாதியாக்கி, ஒரு பக்கத்துக்கு இருபது வெட்ட வேண்டும். வெட்டுகிறவர் என்றால் அவள்தான், அதனால் பாதி என்று எழுதிவைக்கத் தேவையே இருந்ததில்லை.

அன்று மதியம் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்த நேரத்தில் பல் டாக்டர் கடைக்குப் போன் செய்து, மறுநாள் காலை ஓட்ட வேண்டும் என்றிருக்கிறார். அண்ணனுக்குக் கை அரித்தது. வருஷக்கணக்காகத் தொடாத ரம்பத்தை எடுத்து, சீட்டைப் பார்த்து, ஒரு பக்கம் நாற்பது வெட்டினார். பிறகு மறுபக்கமும் நாற்பது. வெட்டியதை ஒட்டவைக்கிற பசை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது டாக்டர் கடையில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டையும் கிரிப்பில் வைத்துப் பார்த்தார். அகன்ற தோள்காரர். குழந்தைகள் சைக்கிளில் ஏறியவர் மாதிரி இருந்தார்.

"பாப்பா வெட்டினது," என்றார் அண்ணன். "மாமியாருக்கு உடம்பு சரியில்ல, ஏதோ யோசனையில இருந்திருக்கா." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பாவின் முன்னால் நின்று அவளைப் பார்த்த அதே பார்வை.

"ஆமா டாக்டர்," என்றாள். "தப்பு என்னோடது. வேற பார் போட்டுத் தரேன்."

அவர் போனபின் அண்ணன் பின்பக்கம் வந்தார். "கடைக்காரனே தப்பா வெட்டினான்னு வெளிய தெரிஞ்சா கடை பேரு போயிடும் பாப்பா. உன்னைன்னா ஒருநாள் தப்புன்னு விட்டுடுவாங்க. நான் மறக்க மாட்டேன்."

அவள் புதுக் கடையை நினைத்தாள். பள்ளிக்கூட மேஜையை நினைத்தாள். போகட்டும் என்று விட்டாள். குப்பையில் கிடந்த இரண்டு துண்டுகளையும் எதற்கென்று தெரியாமலே எடுத்து, பழைய பேரிங் போடுகிற டப்பாவில் போட்டுவைத்தாள்.

ஒருநாள் தப்பு ஒருநாளோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் ஒருவர் ஹேண்டில்பாரை நீட்டி, "அக்கா, அண்ணன் இல்லையா?" என்றார். குழுவில் யாரோ ஸ்கேல் ஒன்றை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அண்ணன் மட்டும் அன்றைக்குச் சிரிக்காமல் பில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்தக் கதையை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலில் சுருக்கமாக. பிறகு கை கால் வைத்து. "போன்ல பேசிக்கிட்டே வெட்டிட்டா." அதற்கப்புறம், "நான் வேணாம் வேணாம்னு ஓடி வரேன், அதுக்குள்ள ரெண்டாவது பக்கமும் போச்சு." அவர் ஓடிவந்த தூரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. அவள் பலகைமேல் நின்று, யாருடைய பெடலையோ விரலால் சுற்றி, காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பழைய கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணியின் தம்பியும் வந்திருந்தார். செல்போன் கடையில் மேனேஜராக இருந்து, கடை மூடியதால் நாலு மாதமாகச் சும்மா இருக்கிற மனிதர். தன்மையானவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றும்போது அண்ணி அவள் தம்ளரை முதலில் நிரப்பினாள். மற்ற நாளில் அது கடைசியில்தான் நிரம்பும்.

"மலையடிக் கடையை இவன் பாத்துக்கட்டும்னு இருக்கேன்," என்றார் அண்ணன். "நீ இங்கயே இரு. நீ இல்லாம இந்தக் கடை ஏது?"

"நீ கோவிச்சுக்காதே," என்றாள் அண்ணி. "உனக்கும் அவ்வளவு தூரம் தினம் அலைச்சல்."

"எனக்குத்தான்னு சொன்னீங்களே அண்ணா."

"சொன்னேன். இல்லைங்கல. ஆனா குழு ஆளுங்க கொஞ்சம் தயங்குறாங்க பாப்பா. டாக்டரே ஒரு வார்த்தை சொன்னார்."

"எதுக்குத் தயங்குறாங்க?"

"அதான், அன்னிக்கு நீ அந்தப் பாரை வெட்டினியே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணியும் தம்பியும் இருப்பதால் சொல்கிறார், இப்போது கண்ணால் ஒரு ஜாடை வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவர் வருத்தத்தோடு, உண்மையான வருத்தத்தோடு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை தப்பு செய்துவிட்டாளே என்கிற வருத்தம்.

மறுநாள் காலை, கடைக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால், பேரிங் டப்பாவிலிருந்து அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள். இருபத்தியொரு வருஷமாக அவள் கார்பனை வெட்டும் முறை ஒன்றுதான்: டேப் சுற்றி, மெல்லிய பல் ரம்பத்தால், தண்ணீர் தொட்டுத் தொட்டு. முனை கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். இந்தத் துண்டுகளின் முனையோ துடைப்பம் மாதிரி பிரிந்து நின்றது. இரும்பு வெட்டுகிற ரம்பத்தால் அறுத்த முனை. யார் கை என்று கேட்கவே வேண்டாம்.

"இது என்னன்னு தெரியுதா அண்ணா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டை எடுத்தார். முனையைக் கட்டைவிரலால் தடவினார். ஸ்பேனரை விட்டாலும் தொழில் அவர் விரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நம்ம டாக்டர் பார்தானே? அடடா. நார் நாரா பிரிஞ்சு கிடக்கு பாரு. டேப் சுத்தாமயே வெட்டியிருக்க பாப்பா." துண்டைத் திருப்பி அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "போனது போகட்டும். இனிமே டேப் சுத்தி வெட்டு. இதையெல்லாம் வச்சுக்கிட்டு மனசைப் போட்டு உழப்பிக்காத."

அவள் அந்தத் துண்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளப் போனாள். அதற்குள் ஷட்டர் பக்கம் யாரோ மணி அடித்தார்கள். இடது பெடல் கழன்றே வரவில்லை என்று ஒருவர் சைக்கிளோடு நின்றார். எல்லாத் திருகும் போல இடப்பக்கம் சுற்றியிருக்கிறார். இடது பெடலின் மரை தலைகீழ். அந்தப் பக்கம் சுற்றச் சுற்ற அது இறுகத்தான் செய்யும். அவள் போய் எதிர்ப்பக்கம் ஒரே அழுத்தில் கழற்றிக் கொடுத்தாள்.

அன்று வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர், "நான் அப்பவே சொன்னேன்," என்று சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்து, அவர் சொல்லாமலேயே எழுந்து போனபோது, சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

மலையடிக் கடையில் சாமான் தொங்கவிடுகிற ஆணிப் பலகை மாட்டவும் சாமான் அடுக்கவும் அவளையும் கூப்பிட்டார்கள். போனாள். ஷூக்களை அளவு வாரியாக அடுக்கினாள். பெடல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, முள் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினாள். நடுவில் அந்த மேஜை இருந்தது. வார்னிஷ் வாசனை போகவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அதன் முன்னால் நின்று, முழங்கையை மடக்கி வைத்துப் பார்த்தாள். பலகையில்லாமல், வெறும் தரையில்.

அண்ணியின் தம்பி அதில் ஒரு சக்கரத்தை வைத்துக் குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவரும் உயரம்.

"என்னக்கா இது, சின்னப் பசங்க மேஜை மாதிரி? ரெண்டு நாள்ல முதுகு போயிடும்."

அண்ணன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி மேஜையைப் பார்த்தார். "தச்சர் தப்பா அளந்துட்டார் போல. இந்தக் காலத்துல எவனை நம்பி ஒரு வேலையைக் குடுக்கிறது?"

அவள் கையில் ஒரு பெடல் இருந்தது. இடது பக்கத்துப் பெடல்.

"தச்சர் சரியாத்தான் அளந்தார்," என்றாள்.

"ம்? என்ன பாப்பா?"

அவர் மறுபடி போனுக்குள் போய்விட்டிருந்தார். அவள் பெடலை ஆணியில் மாட்டினாள்.

"ஒண்ணுமில்ல. செங்கல் இருக்கான்னு கேட்டேன்."

பின்பக்கம் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் கிடந்தது. மேஜைக் காலுக்கு இரண்டு வீதம் எட்டு எடுத்துவந்தாள். தம்பியும் அண்ணனும் ஒவ்வொரு முனையாகத் தூக்கிப் பிடிக்க, அவள் தரையில் உட்கார்ந்து செங்கல்லை நகர்த்தி வைத்தாள். ஒரு கால் ஆடியது. அதற்கு மட்டும் அட்டையை மடித்துக் கொடுத்தாள். பிறகு எழுந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. மேஜை இப்போது அவளுக்கு மார்புக்கு வந்தது.

"இப்ப சரியா இருக்கு," என்றார் தம்பி, நிமிர்ந்து நின்று கையை ஊன்றியபடி.

"ஆமா," என்றாள் அவள். "சரியா இருக்கு."