இரும்பின் மேல் ஒரு மெழுகுக் கோடு

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். அதனால் காகிதத்தில் எழுதியது குறைவு. எழுதுகோல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சிராங்கூன் சாலைத் தையல் கடையில் துணிமேல் சாக்பீஸால் கோடு போட்டேன். கடையை மூடிவிட்டார்கள். புக்கிட் மேராவில் கண்ணாடி வெட்டும் இடத்தில் மெழுகுப் பென்சில் கொடுத்தார்கள். வழவழப்பான கண்ணாடியில் அது எப்படித்தான் ஒட்டியதோ! அங்கும் நிலைக்கவில்லை. கடைசியில் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். ஈசூனில் அக்கா வீட்டுச் சோபாவில் தூங்கினேன். என் சட்டையிலிருந்து இரும்புத்தூள் உதிர்கிறது என்று அக்கா அதன்மேல் பழைய போர்வை விரித்து வைத்திருந்தாள்.

பட்டறையில்தான் அந்த மெழுகுக் குச்சியைப் பார்த்தேன். விரல் நீளம், தகர உறை, மேலே நூறு டிகிரி என்று அச்சிட்டிருந்தது. தடித்த இரும்பை வெல்டிங்கில் பற்றவைக்கும் முன் சூடாக்க வேண்டும். சூடு போதாவிட்டால் பற்றவைத்த இடம் பிறகு விரிசல் விடும். குச்சியால் இரும்பில் கோடு இழுத்தால், நூறு டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு போல வறண்டு நிற்கும். நூறு வந்ததும் உருகிப் பளபளக்கும். கண்ணில்லாத, முள்ளில்லாத ஒரு மெழுகுக்கு இது எப்படித் தெரிகிறது? உணவு இடைவேளையிலும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன்.

தஞ்சாவூர்க்காரப் பையன் ஒருவன் அங்கே வெல்டராக இருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், என்னை மாமா என்பான். அவனுக்கு அன்று பற்றவைப்புத் தேர்வு. தேறினால் இங்கேயே வேலை தொடரும். இல்லாவிட்டால் மாத முடிவில் ஊருக்கு விமானம். தேர்வுத் தகட்டைச் சூடாக்கும் பொறுப்பு என்னுடையது. பரிசோதகர் கைகட்டி நின்றார்.

நான் கோடு போட்டு, அதன் மேலேயே தீயைக் காட்டினேன்.

“என்ன மாமா, கோலம் போடுறீங்களா? சீக்கிரம்.”

“இரு லா. ஆங், உருகிடுச்சு! ரெடி.”

அவன் முகமூடியை இறக்கினான். குச்சியை உறையில் போட மனம் வரவில்லை. அது உருகுவதை இன்னொரு தடவை பார்க்க ஆசை. தீ படாத ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். வெள்ளையாக, வறண்டு, அப்படியே நின்றது.

அவன் கையைப் பிடித்தேன். “டேய், நிறுத்து!”

“ஐயோ மாமா, விளையாடாதீங்க. இப்பத்தான உருகுச்சுன்னீங்க?”

“அது நெருப்புல உருகினது. இரும்பு இன்னும் சூடாகல. இங்க பாரு.”

அவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். கேலி அடங்கிவிட்டது. தகட்டின் அடியிலிருந்து சூடேற்றினேன். தீயை எடுத்துவிட்டு மேலே கோடு இழுத்தேன். வறண்டது. மறுபடி சூடேற்றி இழுத்தேன். இந்த முறை குச்சி தொட்ட இடமெல்லாம் ஈரமாக மின்னியது. அவன் பற்றவைத்தான்.

மறுநாள் அந்தத் தகட்டைப் பட்டைகளாக அறுத்து, இயந்திரத்தில் வைத்து லாடம் போல வளைத்தார்கள். விரிசல் இருந்தால் வளைவில் வாய் பிளக்கும். பரிசோதகர் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரை எடுத்துக் குலுக்கினார். உள்ளே இருக்கும் குண்டு கடகடத்தது.

முதல் பட்டையில் ஒரு சரிக்குறி போட்டார். அடுத்ததிலும் சரி. எல்லாவற்றிலும்.

“ஓகே லா, போய்ச் சாப்பிடு,” என்றார்.

பையன் நகரவில்லை. இடது கைச் சுட்டுவிரலால் ஒரு சரிக்குறியைத் தொட்டான். பெயிண்ட் காயவில்லை, விரல் நுனி வெள்ளையானது. துடைக்கத் துணி நீட்டினேன்.

“இருக்கட்டும் மாமா,” என்றான். அந்த விரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே சோறு தின்றான்.