ஒரே தொண்டை, ரெண்டு குடித்தனம்

ஏனுங்க, நீங்கள் என்றைக்காவது ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? நான் விட்டிருக்கிறேன். வீடு என்றால் என் தொண்டை. பகலில் அதில் குடியிருப்பது கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கோயில்காரர்கள், சபாக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து செய்கிற சொகுசு வேலை. எங்களுக்கோ, மளிகைக் கடையில் அரிசிக்கு அடுத்தபடியாக மிளகு வாங்க வைக்கிற வேலை.

என்னைப் போல ரெண்டு பக்கமும் இழுபடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்க வேண்டாம். தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

நாற்காலியா, மேடையா

நான் கிணத்துக்கடவுப் பக்கம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே மைக் கிடையாது. கடவுள் வாழ்த்துப் பாடினால் கடைசி வரிசைக்கும், வெளியே மேய்கிற எருமைக்கும் கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்திலேயே நேர்காணலிலும் பாடிவிட்டேன். மேசைமேல் இருந்த டம்ளரின் மூடி அதிர்ந்தது என்று பிற்பாடு அலுவலகத்தில் சொன்னார்கள்.

துறைத் தலைவியம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரி செய்கிறாயா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். இங்கே வேலைக்கு வந்த பிறகும் செய்வாயா என்றார். அப்போதும் செய்வேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர் இருமினார். வேலை கிடைத்தது, ஆனால் தற்காலிகம். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் தலைவியம்மா எழுதிக்கொடுத்தால்தான் நிரந்தரம். உத்தரவைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "ஒண்ணு நாற்காலி, இல்லேன்னா மேடை. ஒரு வருஷம் இருக்கு, எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

மில் சங்கு

முடிவு பண்ண ஒரு வருஷம் எதற்கு? மாடிப்படி இறங்குவதற்குள் பண்ணிப்போட்டேன். ரெண்டும்தான்.

எங்கள் வகுப்பு இப்படி நடக்கும். நான் ஒரு வரி பாடி நிறுத்திவிட்டு வலது கையைப் பிள்ளைகள் பக்கம் நீட்டுவேன். அவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். மறுபடி நான், மறுபடி கை, மறுபடி அவர்கள். நாள் முழுக்க இதே. வீட்டுக்குப் போனாலும் கை அடங்காது. ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரரிடம் சந்தையில் முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்லிவிட்டு என்னை அறியாமல் கையை நீட்டியிருக்கிறேன். பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிற மனுஷர், பாவம், "முருங்கைக்காய்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் மில் சங்கு வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் மில். ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். அது எங்கள் சுருதிக்கு ஒரு அரைக்கட்டை மேலே. ஊதியதும் வகுப்பு மொத்தமும் வெள்ளாட்டுக் கூட்டம் வேலி தாண்டுகிற மாதிரி அதன் பின்னாலேயே மேலே ஏறிவிடும். ஒவ்வொரு குரலாகப் பிடித்து இழுத்து வந்து கட்ட வேண்டும். சாயங்காலம் கச்சேரி இருந்த ஒரு நாள், இழுக்கத் தெம்பில்லாமல் அரைக்குரலில் பாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம் படிக்கிற சகாயமேரி எழுந்தாள். சோமனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். மாதா கோயில் பாடற்குழுவில் பாடிப் பழகிய வெண்கலக் குரல். மரியாதையாகத்தான் கேட்டாள்: "மேடம், நீங்க சாயங்காலத்துக்கு மிச்சம் புடிக்கறீங்களாங்க?"

பாப்பா முதுகு

அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு வேறு வழி செய்தேன். பாடகிக்குப் பின்னால் தம்புரா மீட்டவும் கூடச் சேர்ந்து பாடவும் ஆள் வேண்டுமே, அதற்கு என் மாணவிகளையே முறை வைத்துக் கூட்டிப்போனேன். வகுப்பு மேடைக்கு வந்துவிட்டால் எதிலிருந்து எதற்கு மிச்சம் பிடிப்பது?

வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு என்றால் எங்கள் பாப்பாவும் வருவாள். அப்போது அவள் பால்குடி மறந்த புதிது. ஒரு சபாக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம் அது. மற்றவர்கள் ஓய்வு என்று நினைப்பார்கள். பாடுகிறவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மிருதங்கக்காரர் அதைப் பார்த்துத்தான் கணக்கை முடிப்பார். பாப்பா ஓரத்திலிருந்து தவழாத குறையாக வந்து என் மடியில் குப்புறப் படுத்துக்கொண்டாள். தொடை போய்விட்டது. வேறு என்ன செய்வது? அவள் முதுகிலேயே தாளம் போட்டேன். தட்டத் தட்ட அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. எழுப்பிவிடக் கூடாதே என்று என் கை தானாக மெத்தென்று ஆகிவிட்டது.

கணக்கு மயிரிழை பிசகாமல் வந்து சேர்ந்தது. கச்சேரி முடிந்ததும் மிருதங்கம் தங்கவேல் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மணி, உங்க தாளம் ஒண்ணும் தெரியலீங்க. பாப்பா மூச்சு ஏறி எறங்கறதைப் பாத்துத்தான் முடிச்சுப்போட்டேன்."

பந்திக்கு நடுவில்

கிணத்துக்கடவில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். எங்கள் ஊர்ப் பக்கம் என்று ஆசையாகப் போனேன். மேடைக்கு எதிரே பந்தி. விஸ்தாரமாக ராகம் பாட ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா வந்து மேடையோரம் கைகட்டி நின்றார். பாட்டு பிரமாதம், ஆனால் பந்தியில் சம்பந்திமார் பேசுவது ஒருவருக்கொருவர் காதில் விழவில்லை, கொஞ்சம் மெல்லப் பாட முடியுமா என்று கேட்டார். எத்தனை பதமாகக் கேட்கிறார் பாருங்கள்.

நானும் பதமாகவே சொன்னேன். சம்பந்திமார் நாளைக்கும் பேசுவார்கள், நாளன்றைக்கும் பேசுவார்கள், இந்த ராகம் என் தொண்டையை விட்டு இப்போது இறங்கினால் இன்றைக்குத் திரும்பி வராது. மெல்லப் பாடத் தோதில்லைங்க மாமா. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி யோசித்தார். பிறகு பந்தியைப் பார்த்துத் திரும்பி, தேங்காய் ஏலத்துக் குரலில் சொன்னார்: "ஏனுங்க, அம்மணி முடிக்கற வரைக்கும் எல்லாரும் வாயில சோத்தைப் போட்டுக்கிட்டே இருங்க."

கிணற்று நீச்சல்

அந்தப் பந்தியில் எங்கள் துறை அலுவலகத்துக்காரர் ஒருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எனக்கு அழைப்பு வந்தது. தலைவியம்மாவின் அறை மூலையில் உறை போட்ட தம்புரா ஒன்று சாய்ந்திருக்கும். அவர் ஒரு காலத்தில் பெரிய மேடைகளில் பாடியவர், நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து அந்த உறையைக் கழற்றவில்லை என்று சொல்வார்கள். நான் போனபோது அதன்மேல் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்து ஆசிரியை சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பாடுவதா என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுமுடிக் கோயில் கச்சேரிக்கு நான் ஒப்புக்கொண்டிருப்பதும் அவர் காதுக்குப் போயிருந்தது. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, போகக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பே கிடையாது, ஒரு மணி நேரப் பாடம்கூட நான் விட்டதில்லை. அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினேன்? "எங்க ஊர்ல நீச்சல் சொல்லித் தர்றவங்க கெணத்துல எறங்கித்தானுங்க சொல்லித் தருவாங்க. மேட்டுல நின்னு கையைக் காட்டறவங்களை நம்பி யாரும் குதிக்க மாட்டாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவே இல்லை: "கொடுமுடிக்குப் போனா, நிரந்தரத்துக்கு என் கையெழுத்தைக் கேட்டு வராதே."

கொடுமுடி வகுப்பு

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். வேலை போனால் என்ன ஆகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். பாப்பாவை அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

போனோம். ஈரோட்டில் பஸ் மாறினோம். சகாயமேரி தம்புராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காவிரிக் காற்றில் மேடை நன்றாகத்தான் இருந்தது, என் மனசுதான் பாதி அந்தக் கையெழுத்திடம் இருந்தது. மோகனத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தேன். பல்லவியை ஒரு தரம் பாடினேன். பாடிவிட்டு, நிறுத்திவிட்டு, வலது கையைச் சபையைப் பார்த்து நீட்டிவிட்டேன்.

வயலின்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். தங்கவேல் அண்ணன் கை அந்தரத்தில் நிற்கிறது. கொடுமுடியில் கூடியிருந்த அத்தனை பேரையும் மூன்றாம் வருஷ மாணவர்களாக நினைத்துவிட்டேன். கையை மடக்கப் போனபோது, முன்வரிசையில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அந்த வரியைத் திருப்பிப் பாடினார். பஜனையில் பாடிப் பழகிய பாட்டு போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு சுருதி.

சிரித்து மழுப்பிவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. நாற்காலி போனால் போகிறது, வகுப்பை இங்கேயே எடுத்துப்போடலாம். அதே வரியைக் கொஞ்சம் மாற்றிப் பாடி மறுபடி கையை நீட்டினேன், இந்தத் தடவை தெரிந்தே. மண்டபம் பாடியது. சகாயமேரி பின்னாலிருந்து தன் வெண்கலத்தால் எல்லோரையும் சுருதிக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள். தேங்காய்த் தட்டு அம்மா மட்டும் தாளத்துக்கு முந்திக்கொண்டே ஓடினார். நிறுத்தி, அக்கா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது, மெல்ல வாங்க என்றேன். மண்டபமே சிரித்தது, அவரும்தான். கச்சேரி முடிந்ததும் அவர் மேடையோரம் வந்து என் கையில் தேங்காய் மூடியைத் திணித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க டீச்சரம்மா, அடுத்த வகுப்பு எப்பங்க?"

தேர்வு நாள்

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பக்கத்தில் தலைவியம்மா. நான் ஓரத்தில். கொடுமுடிக்குப் போனதைப் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சகாயமேரி பாடிக்கொண்டிருந்தாள். சரணத்துக்கு நடுவில் மில் சங்கு ஊதியது.

வகுப்பில் சங்கு ஊதினால் எல்லோருமே வேலி தாண்டுகிற ஆடுகள். இவள் பாட்டை நிறுத்தினாள், சுருதியை விடவில்லை. தம்புராப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, முந்தின வரியையே மெல்ல முனகியபடி, லேசாகச் சிரித்துக்கொண்டு சங்கு ஓயக் காத்திருந்தாள். ஓய்ந்ததும் விட்ட இடத்தில் எடுத்தாள். கயிறு அறுந்த இடம் தெரியவில்லை. இதை எந்தப் பாடத்தில் படித்தாய் என்று பெரியவர் கேட்டார். அவள் என்னையும் பார்த்தாள், தலைவியம்மாவையும் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொல்லிப்போட்டாள்: "கொடுமுடியிலீங்க. மேடம் பல்லவியில நின்னுபோட்டாங்க. நின்ன எடத்துல இருந்தே எப்படிப் போறதுன்னு பின்னாடி உக்காந்து அன்னிக்குத்தானுங்க பாத்தேன்."

கையெழுத்து

வருஷம் முடிந்தது. நான் தலைவியம்மா அறைக்குப் போனேன், ஆனால் நிரந்தரத்தைக் கேட்க அல்ல. ஆடி மாதம் அந்தியூரில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்கு அனுமதி கேட்டு எழுதிய தாளோடு போனேன். இல்லை என்று சொல்வதாக இருந்தால் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடட்டும், எனக்கும் மாடிப்படி ஏறுகிற வேலை மிச்சம்.

தற்காலிகத்தில் இருக்கிற மற்றவர்கள் எல்லோரும் வந்து கேட்டுவிட்டார்கள், நீ மட்டும் ஏன் நிரந்தரத்தைக் கேட்கவில்லை என்றார். கேட்டு வராதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் மேசையில் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்காக எழுதியிருந்தார், கையெழுத்தும் போட்டிருந்தார். நீ கேட்கவில்லை, அதனால் நான் சொன்ன சொல்லும் கெடவில்லை என்றார். பிறகு என் அந்தியூர்த் தாளை எடுத்துப் படித்தார். அங்கே குதிரைச் சந்தை அல்லவா நடக்கும், கச்சேரியை யார் கேட்பார்கள் என்றார். குதிரை வாங்க வந்தவர்கள் கேட்பார்கள், வாங்காதவர்கள் இன்னும் நன்றாகக் கேட்பார்கள் என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். அதிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆகமொத்தம், ஒரே தொண்டையில் ரெண்டு குடித்தனம் வைத்தால் சண்டை வரும் என்று சொன்னவர்கள் எல்லாம், வீட்டுக்காரி நான்தான் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

தாளை மடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் மூலையில் நின்று, தம்புராமேல் மாட்டியிருந்த குடையை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தியூருக்கு அந்தப் பொண்ணு வர முடியலேன்னா, தம்புராவுக்கு என்னைக் கூப்பிடு."