1889ஆம் ஆண்டு அறை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்கு வந்த இடத்தில், மழைக்கு ஒதுங்கி ஓர் ஓவியக் கூடத்துக்குள் நுழைகிறேன். ஓர் அறை முழுவதும் 1889இல் வரைந்த படங்கள். ஒன்றில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குனிந்து மீன் வெட்டுகிறாள். கழுத்தைச் சாய்த்திருக்கும் விதம் அப்படியே என் மனைவி. கை தானாக நீள்கிறது.

“அண்ணை, தொடாதேங்கோ! என்ர வேலை போயிடும்,” என்று சிரிக்கிறார் காவலுக்கு நிற்கும் தமிழர்.

“என்ர மனிசியைப் போல கிடக்கு. அவ இப்ப உயிரோட இல்லை.”

அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. “வீட்டில அவவின்ர படம் ஒண்டும் இல்லையோ?”

“ஊரில யுத்தத்துக்குள்ள கலியாணம் கட்டினனாங்கள், படம் எடுக்கேல்லை. பிறகு, பிள்ளைத்தாச்சியை எடுக்கக் கூடாது எண்டிட்டா. பிள்ளை பிறக்கட்டும் எண்டு நானும் விட்டிட்டன். பிள்ளைப்பேற்றோட போயிட்டா.”

அவர் சுவர்க் குறிப்பை வாசிக்கிறார். “படம் கீறினவனும் தன்ர மனிசியைத்தானாம் வரைஞ்சிருக்கிறான். கீழ்க் கடையில உந்தப் படம் கார்ட்டா விக்கினம். ஒண்டு வாங்குங்கோ, அண்ணை.”

கடையில் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் நிற்கிறேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மழைக்குள் இறங்குகிறேன். இன்னொருவன் மனைவியை என் வீட்டுச் சுவரில் எப்படி மாட்டுவேன்?

இதை எழுத மனம் வந்த நாள்: 9.11.1997