வரைபடத்தில் பங்களா இல்லை

மலையில் பிறந்த எனக்குக் கடல்தான் சோறு போட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வாயில் நிற்கும் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். நாலைந்து நாடுகள் சேர்ந்து எங்கள் கடற்கரை ஊர்களில் பயிற்சி நடத்திவந்த காலம் அது. கடலோரக் காவல், படகு மீட்பு, சுனாமி எச்சரிக்கை, ஆபத்து நேரத்தில் எந்த நாட்டுக் கப்பல் யாரோடு பேசுவது என்று எல்லாம் அதில் உண்டு. நான் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வேன். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அதுதான் இந்த வேலையில் முதல் விதி. பல வருடம் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

பிறகு மலைகள் சரியத் தொடங்கின. அதே திட்டத்தை எங்கள் பக்கமும் நீட்டினார்கள். மாத்தளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வகுப்பு. சுவரில் விழுந்த படங்கள் மட்டும் மாறவில்லை. தென்னைமரம், அலை, மேட்டைக் காட்டும் அம்புக்குறி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "ஏங்க, ரிவர்ஸ்டன் மலைக்கு அலை வந்துச்சுன்னா, கொழும்பு எங்கங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். பாடம் எடுத்தவர் ஒரு தீவு நாட்டின் கடலோரக் காவல் அதிகாரி, ஐம்பது வயதுப் பெண். முதலில் சிரித்தவர் அவர்தான். படம் காட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "சரி, உங்கள் மலையைக் காட்டுங்கள்" என்றார். அப்படித்தான் ஒத்திகை நான் பிறந்த தோட்டத்துக்கு வந்தது.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டையைத் தாண்டி மேலே போக வேண்டும். கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், என் அக்கா இருக்கிறாள், கூடவே அவள் மகளும் மகளின் கைக்குழந்தையும். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் நிலம் வெடித்திருந்தது. அக்காவின் கை முழங்கைவரை அந்த வெடிப்புக்குள் போகும். அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து, புது வீடு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெயின்ட் மட்டும் வந்துவிட்டது. வீடு வரும்வரை பெருமழை என்றால் எல்லோரும் உடனே ஓட வேண்டும். அதற்காக வெளிநாட்டு உதவியில் ஒரு சைரனைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு சைரன் ஊதியது. சனம் வெளியே வந்தது, மலையில் கொழுந்தெடுத்தவர்களும் கூடையோடு வந்தார்கள். வந்தவர்கள் மேட்டுக்கு ஏறவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கி, ஓடையோரம் இருக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்றார்கள். சரிவு இடிந்தால் லயத்தை விழுங்கிவிட்டு அது வந்து சேரும் இடமே அந்தக் களம்தான். அக்காவும் நின்றாள், பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிகவும் ஒழுங்காக.

கூட வந்த நம் நாட்டு அதிகாரி ஒருவர் சிரித்தார். "படிப்பறிவில்லாத சனம், எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது. அப்படியே சொல்லுங்க" என்றார் சிங்களத்தில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சொன்னேன். சொல்லிவிட்டு விதியையும் உடைத்தேன். "இது அவர் சொன்னது. இனி நான் சொல்வது. நான் இந்த லயத்தில் பிறந்தவள். இங்கே சங்கு ஊதினால் பிரட்டுக்கு வா என்று அர்த்தம். பிரட்டு என்றால் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். பிந்தினால் அன்றைக்கு அரைச் சம்பளம். நாலு தலைமுறையாக இந்தக் கால்களுக்கு அதைத்தான் பழக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு புதுச் சங்கைக் கட்டி ஊதிவிட்டு, சிரிக்கிறார்கள்."

பாடம் எடுத்த தீவு நாட்டு அம்மா தலையசைத்தார். தப்பிக்கும் வழிக்கென்று வரைந்திருந்த வரைபடத்தில் காட்டியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகக் கூடாது என்று கேட்டார். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம். மழையில் அந்த ஓடையை யானைகூடத் தாண்டாது. வேறு இடமே இல்லையா என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன். லயத்துக்குப் பக்கவாட்டில், பாறை மேட்டில், பச்சைப் புல்தரையோடு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. ஏறினால் பத்து நிமிடம்.

துரை பக்கத்திலேயே நின்றார். இளவயது, நல்ல ஆங்கிலம். அது குடியிருக்கும் இடம், கம்பெனி அனுமதி இல்லாமல் ஆட்களை உள்ளே விட முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், தமிழில், "ஒங்க வேல பேசுறத மாத்திச் சொல்றது மட்டுந்தானே?" என்றார். அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன்.

அந்த அம்மா வரைபடத்தில் பங்களாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "நான் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது. இது உங்கள் நாடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. ஏழு கடல் தாண்டி வந்த ஒத்துழைப்பால் ஒரு இரும்புக் கேட்டைத் தாண்ட முடியவில்லை.

அச்சாகி வந்த வரைபடத்தில் பள்ளிக்கூடம்தான் இருந்தது. வட்டத்தைக் காணவில்லை. அடுத்த பயிற்சிக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. வரம்பு மீறினேன் என்று யாரோ எழுதிக் கொடுத்தார்களாம். ஆமாம், மீறினேன். போனால் போகட்டும் என்று விடுகிற குணம் எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், மாத்தளைப் பக்கம் நான் குடியிருக்கும் அலுவிகாரையிலிருந்து பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். வரைபடத்தை மடித்து அடுப்பில் போடச் சொன்னேன். அக்கா போடவில்லை, அதில் மசாலா மடித்தாள். பெண்கள் சேர்ந்தோம். ஒருத்தி தகரத்தில் தட்டுவாள், எல்லோரும் பிள்ளைகளோடு பங்களா கேட் வரைக்கும் ஏறுவோம். பூட்டிய கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். முதல் வாரம் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் கீழேதான் ஓடினார்கள். அக்கா அவர்களைப் பிடித்துத் திருப்பி, "சாவுறதுக்கு என்னா பிரட்டு? மேல ஏறுங்க!" என்று கத்தினாள். காவல்காரர் கேட்டுக்கு உள்ளே நின்று, "என்னா, தேர் இழுக்கப் போறீங்களா?" என்று கேலி பண்ணுவார். "வடம் இருந்தா ஒன்னையும் சேத்து இழுப்போம்" என்பாள் அக்கா. நாலைந்து வாரத்தில் கால்கள் திரும்பிவிட்டன.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. பாதையில் மரமும் மண்ணும் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நான் அலுவிகாரையில் அடைபட்டுக் கிடந்தேன். மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிபோல அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

"தங்கச்சி, சங்கு ஊதுது. போறோம்."

போனை அணைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. சைரன் கேட்டது, மழை கேட்டது, குழந்தை வீரிட்டது. அக்கா ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு வெறும் மூச்சிரைப்பு. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைச் சுமந்தவள் நான். அன்றைக்கு எடுத்துச் சொல்ல என் முன்னால் யாருமில்லை.

இரும்பு ஆடும் சத்தம். காவல்காரர் குரல்: "தொரகிட்ட கேக்கணும்."

"கேட்டுட்டு வா. நாங்க உள்ள நிக்கிறோம்," என்றாள் அக்கா. "தூக்குங்கடி!"

கீலிலிருந்து கேட் கழன்று விழுந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. புல்லில் பல கால்கள் ஓடின. சற்று நேரத்தில் துரையின் குரல் வந்தது. "யாரு கேட்ட கழட்டுனது? யாருன்னு கேக்குறேன்!"

"நாங்கதாங்க." ஒரு குரல் இல்லை, பத்திருபது குரல்.

அவர் வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய லொறி கல்லைக் கொட்டுவது போல, ஆனால் கொட்டி முடியவே இல்லை. நான் "அக்கா, அக்கா" என்று போனுக்குள் கத்தினேன். பைக்குள் கிடந்த போனில் யாருக்குக் கேட்கும்? சத்தம் அடங்கியபோது சைரனும் நின்றிருந்தது. யாரோ "லயம் போச்சு" என்றார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள்.

அக்காவின் குரல் நடுங்கியது, ஆனால் தாழவில்லை.

"தொர, புள்ளைங்க நனையுதுங்க. வீட்டுக் கதவையும் தொறங்க. இல்லாட்டி, அதையும் நாங்களே கழட்டிக்கிறோம்."

துரையின் பூட்ஸ் கால்கள் படியேறிப் போயின. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.