ஒன்பதாவது வரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். இருபது வருஷமாகப் பத்திரிகை ஆபீஸில் புரூஃப் பார்க்கிறேன். ஆதாரம் இல்லாத ஒரு வரியை அச்சுக்கு அனுப்பியதில்லை. இதை நம்புங்கள் என்று உங்களிடம் கேட்கவும் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரான கம்பத்தில் எலி விழுந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் பிளேக் என்று அர்த்தம். வீட்டுக்குள் எலி செத்து விழ ஆரம்பித்ததும் ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு தோட்டங்களில் குடிசை போடப் போய்விடும். சுகாதார ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டு, தரையில் சுண்ணாம்புத் தூள் தூவிப் போவார்கள். லீவுக்கு வந்த நானும் அம்மாவோடும் தங்கை செல்லத்தோடும் ஊருக்கு மேற்கே ஒரு குடிசையில் இருந்தேன்.

உலக சரித்திரப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பாவைப் பல நூறு வருஷங்களுக்கு முன் அழித்த இதே பிளேக்கைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தேன். அதற்கான தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஊருக்குள் வாசகசாலையில் இருந்தது. பக்கத்துக் குடிசையில் இருந்த வாசகசாலைக் காரியதரிசியிடம் சாவி கேட்டேன்.

"ஐரோப்பாவுல செத்தவனப் பத்தி எழுதுனா மார்க்குப் போடுவாக. அங்கன போயி நீங்க செத்தா யாரு தம்பி மார்க்குப் போடுவாக?" என்று சிரித்துவிட்டு, கொத்தாகவே கொடுத்தார். "புத்தகத்த இங்கன கொண்டாந்துராதீக. அங்கனயே உக்காந்து எழுதிட்டு வந்துருங்க."

நான் போனபோது காலை பதினொரு மணி இருக்கும். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வாசகசாலைக் கூரையில் பாதி ஓடு இல்லை. வெயில் கட்டம் கட்டமாக மேஜைமேல் விழுந்திருந்தது. உட்கார்ந்து இங்கிலீஷில் குறிப்பு எடுத்தேன். கைவிடப்பட்ட ஊர்கள், அடிக்க ஆளில்லாத கோயில் மணிகள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. அடுத்த அறையில் யாரோ ஒரு தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

காற்று என்று நினைத்தேன். நான் ஒரு பக்கம் புரட்டினேன், அங்கேயும் ஒன்று புரண்டது. வேண்டுமென்றே நிறுத்தினேன், அங்கேயும் நின்றது. பிறகு, நான் கையை அசைக்காமல் இருக்கும்போதே, மெதுவாக இன்னொன்று புரண்டது.

அந்த அறை வெளியே பூட்டியிருந்தது. சாவி என் கொத்தில். திறந்தேன். பழைய பத்திரிகைக் கட்டுகள் வைக்கும் அறை. கட்டுகள் கயிறு அவிழாமல் இருந்தன. ஒரு நாற்காலி மட்டும் மேஜையை விட்டு இழுத்துப் போடப்பட்டிருந்தது. தரையில் சுண்ணாம்புத் தூள் தூவியபடியே கிடந்தது. நன்றாகக் குனிந்து பார்த்தேன். காலடி இல்லை, நாற்காலி இழுபட்ட தடம்கூட இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் குடிசை வாசலில் நோட்டைத் திறந்தேன். இரண்டு பக்கம் இங்கிலீஷ் குறிப்பு. மூன்றாவது பக்கத்தில் தமிழில், எண் போட்டு, எட்டுப் பெயர்கள். எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் எங்களோடு குடிசை போட்டிருந்தவர்கள். ஒன்பது என்று எண் இருந்தது, பெயர் இல்லை. முதல் பெயர் வண்டிக்காரர் மாயாண்டி. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாயாண்டி இறந்தார். பிறகு இரண்டாவது பெயர். பிறகு மூன்றாவது. அன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்; சொல்லியிருக்கக் கூடாது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "செல்லம் பேரு இருக்கா?" இல்லை என்றேன். எட்டுப் பேரும் போனார்கள். வரிசை ஒரு இடத்தில்கூட மாறவில்லை. எட்டாவது ஆளைத் தூக்கிப் போன அன்று மத்தியானம் செல்லத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. அக்குளில் பிளேக் நெறி கட்டியிருந்தது.

அம்மா நோட்டைத் தேடி எடுத்து என் மடியில் போட்டாள்.

"ஒம்போதுல எம்பேர எழுது."

"இதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான் நம்பல."

"நம்பாதவனுக்கு எழுதுறதுல என்னய்யா நட்டம்? எழுது."

பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பேச்சியம்மாள் என்று எழுதப் போன கை, ராசு என்று என் பெயரை எழுதியது.

அம்மா குனிந்து பார்த்தாள். "எம்பேரு இம்புட்டுச் சின்னதாவா இருக்கு?"

"எழுத்துல அப்படித்தாம்மா."

"ஏலே, என்கிட்ட பொய் சொல்லாத."

"சத்தியமா ஒம்பேருதான்."

விளக்கு வைக்கும் நேரத்தில் செல்லத்துக்கு வியர்த்தது. கண் திறந்து கஞ்சி கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க என் அக்குளை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. அம்மா பல வருஷம் இருந்து, வயதாகித்தான் போனாள். செல்லம் போடியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஒரே ஒரு நாள்.

மறுநாள் வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்தேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது, நீங்களே வந்து பார்க்கலாம். எழுதிய நினைவே இல்லாத எட்டுப் பெயர்களும் என் கையெழுத்து. அம்மா பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்தே நான் எழுதிய ஒன்பதாவது மட்டும் என் கையெழுத்து இல்லை.