சலூன்கடை மீன்தொட்டி

பாசி நாற்றமும் சலூன் பவுடர் வாசனையும் ஒன்றாகக் கலந்த ஒரு வாடை. அந்த வாடையோடுதான் மீன்தொட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே சலூன் வைத்திருந்த பாபு அண்ணன் கடையைப் புதுப்பித்தபோது பின்பக்கம் ஒதுக்கிப் போட்டிருந்த கண்ணாடித் தொட்டி அது. அம்மா போய்க் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்துவிட்டார். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரத்தில் மீன்தொட்டி எதற்கு என்று யோசித்துப் பார்த்த எனக்கு, ஆறாம் வகுப்புப் புத்திக்கு எட்டிய வரையில், ஒரே காரணம்தான் தோன்றியது. நான் அழாமல் இருப்பதற்காக வாங்கியிருக்கிறாள்.

இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த நைனாவின் மேல் உலைக்குழம்பு தெறித்துப் பாதி உடம்பு வெந்துபோயிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என்னை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டு வசந்தா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மா விடிந்ததும் "யூனிட்டு" என்று நாங்கள் சொல்லும் மின்சார ரயிலைப் பிடித்துப் போவாள், விளக்கு வைத்த பிறகு திரும்புவாள். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் "கீறாரு" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

தொட்டியைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு அவள் ரயிலேறிப் போன அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எதிர்க்கடையிலிருந்து பாபு அண்ணன் குரல் கொடுத்தார்: "பாப்பா, சோப்பு கீப்பு போட்றாத, மீனு தாங்காது. கல்லுப்பு போட்டு நாரால தேய்." தேய்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக்கறை எலுமிச்சம்பழ மூடிக்குத்தான் அசைந்து கொடுத்தது. கூழாங்கற்களுக்குள் யார் யார் தலைமுடியோ சுருண்டு கிடந்தது. அரிசி களைகிற குண்டானில் கற்களைப் போட்டு, கலங்கல் போகும்வரை அலசினேன். மூலைகளில் பசையோடு ஒட்டிக்கிடந்த முடியைப் பாவாடை ஊக்கால் ஒவ்வொன்றாக இழுத்தேன். காற்றுக்குழாயில் வாய் வைத்து ஊதியபோது பச்சைத் தண்ணீர் திரும்பி வாய்க்குள் வந்து, குமட்டி, வாந்தியெடுத்தேன். அப்படியும் விடவில்லை. அம்மா எனக்காக வாங்கியதை நான் பளிச்சென்று ஆக்கிக் காட்ட வேண்டாமா?

ஒரே கவலை தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் அடிக்கும்போது பளிங்காக இருக்கும், கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்துச் சிவந்துவிடும். ரெண்டு நாள் வைத்திருந்து, அடிமண்டி இறங்கிய பிறகு மேலே தெளிந்ததைத்தான் ஊற்ற வேண்டும் என்று பாபு அண்ணன் சொல்லியிருந்தார்.

இருட்டிய பிறகு அம்மா வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மூன்று மீன்கள். என் வேலையை ஏறெடுத்தும் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனாள். நான் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் பொறும்மா. இந்தத் தண்ணில வுட்டா செத்துப்பூடும்."

"சாவறதுக்குத்தாண்டி வாங்கினு வந்தேன்."

சொல்லிவிட்டு அங்கேயே, ஈரத் தரையில், குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த வசந்தா அக்கா என்னை வாசலுக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள்: "டாக்டரு கைய விரிச்சிட்டாராம்டி. ஊட்டுக்கு வர கண்டத்த மீனு வாங்கிக்கும். நான்தான் சொன்னேன். அத்திப்பட்டுல எங்க அண்ணன் ஊட்ல அப்படித்தான், மீனு செத்துச்சு, அவன் பொழச்சுக்கினான். உங்கம்மாவ ஒண்ணும் கேக்காத."

குழாயடியிலிருந்து வந்த தண்ணீரில் அன்றிரவே மீன்கள் இறங்கின.

அதற்குப் பிறகு காலைப் பொழுதுகளெல்லாம் ஒரே மாதிரிதான் விடிந்தன. கண் விழித்ததும் நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தொட்டியைப் பார்ப்போம். சிவந்த தண்ணீருக்குள் மூன்றும் நீந்திக்கொண்டிருக்கும். என் விரல் கண்ணாடியில் பட்டதும் இரைக்காக வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். அதுகள் உயிரோடு இருப்பதைப் பார்த்து நான் பயந்தேன். நைனா வேண்டும், மீன்களும் வேண்டும் என்று சாமியிடம் கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இரண்டையும் கேட்டால் இரண்டுமே கிடைக்காமல் போய்விடும் என்று நினைத்தேன். அம்மா ரயிலுக்குப் புறப்படும் முன் தொட்டியின் முன்னால் நின்று, "ஒண்ணாவது போயேன்," என்று கெஞ்சுவாள். கடையில் பேரம் பேசுகிற குரல் அல்ல அது, பிச்சை கேட்கிற குரல்.

ஒன்றும் போகவில்லை. நைனாதான் போனார்.

சாவுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து வந்த பெரியப்பா தொட்டியைப் பார்த்துவிட்டு, "தரித்திரம் புடிச்ச மீனு, ஏரில கொண்டுபோய்க் கொட்டு," என்று கத்தினார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மீன்களைக் குண்டானில் விட்டுவிட்டு அவள் கல்லுப்பால் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு நாளாகத் தெளியவைத்த தண்ணீர் குடங்களில் இருந்தது. நானும் உட்கார்ந்து கூழாங்கற்களை அலசினேன்.

இன்று அந்த லைன் வீடுகள் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டு அங்கே கண்டெய்னர் லாரிகளை நிறுத்துகிறார்கள். பாபு அண்ணனின் சலூன் இருந்த இடத்தில் செல்போன் கடை. மீன்கள் சில வருஷம் இருந்து, வயதாகி, ஒவ்வொன்றாகச் செத்தன. ஒவ்வொன்றுக்கும் அம்மா அழுதாள். தொட்டி வீடு மாறும்போது உடைந்தது.

போன மாதம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: அந்த மீன்கள் மேல் உனக்குக் கோபமே வரவில்லையா?

அவள் நிமிரவில்லை.

"இன்னாத்துக்குடி கோவம்? அன்னிக்கி அந்த ஊட்ல உசுரோட இருந்ததே நீயும் அதுங்களும்தான்."