பார்க்க மட்டும்

கோத்தா திங்கிக்கு அப்பால் ஆற்றோரமாக இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் மின் மீட்டரைக் கணினி வலையமைப்போடு இணைக்க என்னை அனுப்பினார்கள். ஆலையில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ஸ்கூடாயில் எங்கள் அலுவலகத் திரையிலேயே பார்க்க வேண்டும். அதுதான் வேலை.

அங்கே மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் ஒரு தமிழர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்த பிறகே என்னைக் கிட்டே விட்டார்.

மேனேஜருக்கு இன்னொரு ஆசை இருந்தது. சுவிட்சையும் கணினியிலிருந்தே இயக்க வழி செய்யச் சொன்னார். வலையமைப்புக்குள் வெளியாள் எவனாவது புகுந்தால் ஆலையே அவன் கைக்குப் போய்விடும் என்று நான் மறுத்தேன். சார்ஜ்மேனும் மலாயில் அதையே அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எவனோ எங்கேயோ உக்காந்து ஆன் பண்ணான்னா, உள்ள கை வச்சிருக்கிறவன் செத்தான்லா. பார்க்க மட்டும் இருக்கட்டும், தங்கச்சி."

அப்படியே செய்தேன். ஆலையின் மற்ற கணினிகளோடு சேராத தனி இணைப்பு. அதன் வழியாக மீட்டரைப் படிக்கலாம், வேறெதுவும் செய்ய முடியாது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் ஆறு கரை மீறியது. ஆலையை முந்தின நாளே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் காலையில் திரையைத் திறந்தபோது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வீடுகளுக்கும் அதே சுவிட்சிலிருந்துதான் போகிறது என்பது நினைவுக்கு வந்ததும் சார்ஜ்மேனைப் போனில் அழைத்தேன். வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, சுவர் பிளக்கெல்லாம் முங்கிக்கொண்டிருக்கிறது, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்கிறார்கள் என்றார். வெளியிலிருந்து ஆள் வரவும் சாலை இல்லையாம்.

"அங்கேருந்து ஆஃப் பண்ண முடியாதுல்ல, தங்கச்சி?"

"முடியாதுண்ணே. பார்க்கத்தான் முடியும். நீங்க உள்ள போகாதீங்க."

"தெரியும்லா. சும்மா கேட்டேன். போய்ட்டு வந்துடறேன்."

நான் திரையை விட்டு எழவில்லை. எண்கள் ஏறி இறங்கின. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பூஜ்யமாயின. ஆஃப் பண்ணிவிட்டார் என்று பக்கத்து மேசையிலிருந்தவரிடம் சத்தமாகச் சொன்னேன். சந்தோஷமாக எழுந்துபோய் மைலோ கலக்கிக் குடித்தேன். அந்த நேரத்தில்தான் அவர் சுவிட்ச் அறையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஆலைக்குப் பின்னால் அவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் செம்பனை மரங்களுக்கிடையில் உடலைக் கண்டெடுத்தார்கள். குடியிருப்பில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். நான் செய்தது முறைப்படி சரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஒரு பொறியாளர், தூரத்திலிருந்து நிறுத்த மட்டும் முடியும், திரும்பப் போடுவது அங்கே நின்று கையால்தான் என்று வைத்திருக்கலாமே என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அது அவ்வளவு எளிதானது. இணைப்புக் கொடுத்த அன்று முழுதும் மீட்டர் பக்கத்தில் நானும் சார்ஜ்மேனும் நின்றிருக்கிறோம். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

சார்ஜ்மேன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கடைசியாக அவரோடு பேசியது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"போய்ட்டு வந்துடறேன்னாரு, அக்கா."

"வேற ஒன்னும் கேக்கலையா?"

"இல்லக்கா."

அவர் தலையசைத்தார். பேசும்போது கணவர் குரலில் பயம் தெரிந்ததா என்றும் கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண்ணெல்லாம் திரையில் இருந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். விட்டால் என்ன மாறப்போகிறது? யோங் பெங்கில் இன்னோர் ஆலைக்கு அனுப்பினார்கள், போனேன். அங்கேயும் ஒரு சார்ஜ்மேன் வந்து கை கொடுத்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.